கல் எடுத்த பின் எஞ்சும் குழி: திருக்கழுக்குன்றம் வட்டாரமும் குவாரி நில மீட்பின் பொருளியலும்

கேள்வி

கல்குவாரியில் வெட்டியெடுக்கும் கல்லுக்கு விலை உண்டு. வெட்டி முடித்தபின் எஞ்சும் குழியின் செலவை யார் ஏற்பது என்பதுதான் நில மீட்பின் பொருளியல். நகரத்தை ஒட்டிய பகுதிகளைப் பொறுத்தவரை இதற்கு ஒரு பழகிய விடை வழக்கில் இருக்கிறது. நகரம் வளர்ந்தால் நிலத்தின் விலை ஏறும்; ஏறிய விலையே உரிமையாளரைக் குழியை மூட வைக்கும்; ஆகவே மீட்பைச் சந்தையிடம் விட்டுவிடலாம் என்பது அந்த விடை. வண்டல் நிலத்திலும் மணற்பாங்கான நிலத்திலும் ஆழமில்லாமல் தோண்டிய சுரங்கங்களுக்கு இது ஓரளவு பொருந்தியிருக்கிறது. கருங்கல் பாறையில் செங்குத்தாக இறங்கிய குழிகளுக்கு இது பொருந்துமா என்பதைச் செங்கல்பட்டு மாவட்டத்தின் திருக்கழுக்குன்றம் வட்டாரத்தை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. இங்கு முன்வைக்கப்படும் முடிவு இது: பாறைக் குழியை நிலமாக மீட்பது பெரும்பாலும் கட்டுபடியாகாது, நீர் சேரும் இடமாக மீட்பது கட்டுபடியாகும். ஆனால் நீரின் பலன் நிலத்தை வைத்திருப்பவர் கைக்கு வராது. அதனால் மீட்புக்கான பணத்தைக் கல் லாரியில் போய்க்கொண்டிருக்கும்போதே பிடித்து வைத்தாக வேண்டும்.

நிலமும் கல்லும்

திருக்கழுக்குன்றம் செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் ஏறத்தாழ நடுவில் இருக்கிறது. மேற்கே ஜி.எஸ்.டி. சாலையும் ரயில் பாதையும், கிழக்கே கல்பாக்கமும் கடற்கரைச் சாலையும், தெற்கே பாலாறும் இவ்வட்டாரத்தின் எல்லைகளாக அமைகின்றன. வேதகிரீசுவரர் கோயில் நிற்கும் குன்றும் சுற்றியுள்ள சிறு குன்றுகளும் கடினமான பழம்பாறைகள். பல்லாவரம் பகுதியை மூலமாகக் கொண்டு புவியியலாளர்கள் விவரித்த சார்னகைட் வகைப் பாறை இப்பகுதி முழுவதிலும் பரவியிருக்கிறது. இந்தக் கல்லில் வேலை செய்வது இங்கு புதிதன்று. வேதகிரிக் குன்றில் உள்ள ஒருகல் மண்டபம் பல்லவர் காலக் குடைவரை. சதுரங்கப்பட்டினத்தில் கோட்டை கட்டி வணிகம் செய்த டச்சுக்காரர்கள் 17ஆம் நூற்றாண்டில் அதில் தங்கள் பெயர்களைக் கீறிவிட்டுப் போயிருக்கிறார்கள். மாமல்லபுரத்துக் கற்சிற்பம் 2017இல் புவிசார் குறியீடு பெற்றது. ஆனால் இன்றைய குவாரிக்கும் சிற்பிக்கும் தொடர்பு மிகக் குறைவு. குன்றைக் கரைப்பது ஜல்லியும் பாறையை அரைத்துச் செய்யும் எம்-சாண்டும்தான்.

தேவை பெருகியதற்குக் காரணங்கள் வெளிப்படையானவை. ஆற்று மணல் குவாரிகளை ஆறு மாதத்துக்குள் மூடும்படி 2017 நவம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டதற்கு முன்பே மணல் தட்டுப்பாடு தொடங்கியிருந்தது. அதன்பின் கட்டுமானத் துறை பாறையை அரைத்த மணலுக்கு வேகமாக மாறியது. 2023இல் மாநில அரசு எம்-சாண்டுக்கெனத் தனிக் கொள்கையே வெளியிட்டது. எண்ணூர்த் துறைமுகத்திலிருந்து மாமல்லபுரம் வரை சுமார் 133 கிலோமீட்டருக்குத் திட்டமிடப்பட்ட சென்னை எல்லைச் சாலையின் கடைசிப் பகுதி சிங்கப்பெருமாள்கோவிலிலிருந்து மாமல்லபுரத்துக்கு வருகிறது. 2022இல் சென்னைப் பெருநகர எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டது. செங்கல்பட்டும் மாமல்லபுரமும் புதுநகர் வளர்ச்சித் திட்டங்களுக்குத் தேர்வான இடங்கள். ஒரே வட்டாரம் நகரத்துக்குக் கல்லையும் கொடுக்கிறது, அந்த நகரத்தையே குடிவைக்கவும் போகிறது.

இந்த இரண்டு வேலைகளும் மோதும் முறை கவனிக்க வேண்டியது. குடியிருப்புப் பகுதிக்கு 300 மீட்டருக்குள் குவாரி நடத்தக் கூடாது என்கின்றன 1959ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள். குவாரி ஓடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து வயலில் மனைப்பிரிவு வந்துவிட்டால், உள்ளே கல் மீதமிருக்கையிலேயே குவாரி நிற்கிறது. திரிசூலம், பல்லாவரம் பகுதிகளில் ஒரு காலத்தில் ஊருக்கு வெளியே இருந்த குவாரிகளை நகரம் சூழ்ந்துகொண்டதும் தொழில் தெற்கே நகர்ந்தது. இப்படி நின்ற குழியில் படிகள் வெட்டப்பட்டிருக்காது, சரிவுப் பாதை பாதியில் அறுந்திருக்கும், வேலி இருக்காது. திறந்தவெளிச் சுரங்கத்தின் பக்கங்களைப் படிப்படியாக வெட்ட வேண்டும், கடினப் பாறையில் ஒரு படியின் உயரம் 6 மீட்டரைத் தாண்டக் கூடாது என்று உலோகச் சுரங்க ஒழுங்குமுறைகள், 1961 சொல்கின்றன. ஆனால் படி வெட்டினால் அந்தப் படியின் அகலத்துக்கு விற்கக்கூடிய கல் உள்ளேயே தங்கிவிடும். ஐந்து அல்லது பத்து ஆண்டுக் குத்தகையை வைத்திருப்பவருக்கு அது நேரடி நட்டம். எனவே சுவர் நேராக இறங்குகிறது. மழைக்குப்பின் கல்குட்டையில் குளிக்க இறங்கிய பிள்ளைகள் கரையேற முடியாமல் மூழ்கிய செய்தி ஆண்டுதோறும் வருவதற்கு இந்த நேர்ச்சுவரே காரணம். குழியின் கடைசி வடிவத்தைக் குத்தகைதாரரின் அன்றாட லாபக் கணக்கு தீர்மானிக்கிறது. அதன் விலையைப் பக்கத்து ஊர் உயிராகக் கொடுக்கிறது. நில மீட்பு பற்றிய எந்தப் பேச்சும் இதை முதற்செலவாக எழுதியாக வேண்டும்.

நிரப்பினால் என்ன ஆகும்

ஒரு ஹெக்டேர் பரப்பும் 20 மீட்டர் ஆழமும் உள்ள ஒரு குழியை மாதிரியாக எடுத்துக்கொள்ளலாம். கணக்கு எளிதாக இருப்பதற்காகச் சுவர்களை நேராகவே வைத்தால் அதன் கொள்ளளவு 2 லட்சம் கனமீட்டர். இத்தொழிலில் மண்ணையும் ஜல்லியையும் அளப்பது யூனிட்டில். ஒரு யூனிட் 100 கன அடி, அதாவது 2.83 கனமீட்டர். குழியை நிரப்ப ஏறத்தாழ 70,600 யூனிட் மண் வேண்டும். 6 யூனிட் ஏற்றும் டிப்பர் லாரி 11,770 நடை வர வேண்டும். ஒரு நாளைக்கு 40 நடை ஓடினாலும் பத்து மாதம் ஆகும்.

மண்ணை வெட்டி, ஏற்றி, கொண்டுவந்து தட்ட ஒரு யூனிட்டுக்கு 1,000 ரூபாய் என்று மிகக் குறைவாகவே வைத்துக்கொள்வோம். மொத்தம் 7 கோடி ரூபாய்க்கு மேல் ஆகிறது. ஏக்கருக்கு 2.86 கோடி, மனை வாங்குபவர் பேசும் கணக்கில் சென்ட்டுக்கு 2.86 லட்சம். இது வெறும் மண் நிரப்பும் செலவு. சாலைக்கும் வடிகாலுக்கும் பூங்காவுக்கும் விட்டது போக மிஞ்சும் மனைகள்மீதுதான் இந்தச் செலவு முழுவதும் ஏறும் என்பதால், விற்கக்கூடிய ஒரு சென்ட்டின் சுமை இதைவிடக் கூடுதல். நிரப்பிய மண் ஆண்டுக்கணக்கில் அமுங்கிக்கொண்டே இருக்கும். 20 மீட்டர் தளர்ந்த மண்ணின்மீது வீடு கட்டப் பாறை வரை பைல் இறக்க வேண்டும். அதே ஊரில் சமதளமான வயல் மனையாகக் கிடைக்கும்வரை இந்த நிலத்தை வாங்க ஆள் வரமாட்டார்.

இன்னொரு தடையும் உண்டு. அந்த 2 லட்சம் கனமீட்டர் மண்ணை எங்கிருந்து எடுப்பது? ஏரி மண்ணோ கிராவலோ வெட்டினால் வேறிடத்தில் இன்னொரு குழி விழும். கட்டட இடிபாடுகளைக் கொண்டு நிரப்பலாம் என்பது நியாயமான யோசனை. இடிப்பு நடப்பது சென்னையின் உள்பகுதியில். திருக்கழுக்குன்றம் அங்கிருந்து அறுபது எழுபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. டீசல் கணக்கு அதை அனுமதிக்காது.

எனவே நில விலை ஏறினால் மீட்பு தானாக நடக்கும் என்ற வாதம் பாறைக் குழியில் தோற்கிறது. விலை ஏற ஏற உரிமையாளர் காத்திருக்கவே விரும்புவார். இன்று நிரப்ப 7 கோடி போட வேண்டும்; பத்தாண்டு சும்மா வைத்திருப்பதற்கு அவருக்குச் செலவு ஏதுமில்லை. வேலி போடாததற்கும் கணக்குக் கேட்பார் இல்லை.

குப்பையின் ஈர்ப்பு

காத்திருக்கும் குழிக்கு நகரத்திடமிருந்து முதலில் வருவது குப்பை லாரிதான். வெற்றிடத்துக்கு உடனே காசு தருவது குப்பை மட்டுமே. மண் நிரப்பச் செலவு ஆகும். குப்பையைப் போட விட்டால் வரவு வரும். பெங்களூரு தன் வடபுறத்துப் பழைய குவாரிகளில், பெல்லஹள்ளி, மிட்டகானஹள்ளி போன்ற இடங்களில், மாநகரக் குப்பையை நிரப்பிய அனுபவம் இந்த வழி எங்கே கொண்டுபோய் விடும் என்பதைக் காட்டியிருக்கிறது: கசிவுநீர், நாற்றம், சுற்றுக் கிராமங்களின் தொடர் போராட்டம். சார்னகைட் பாறைக்குள் நீர் ஊறாது என்பது உண்மை. ஆனால் அதன் பிளவுகள் வழியாகவே அக்கம்பக்கத்துக் கிணறுகளுக்கு நீர் போகிறது. குவாரி வெடிகள் அந்தப் பிளவுகளை விரித்தும் விட்டிருக்கின்றன. குப்பை நிரப்பிய குழியின் செலவைச் சுற்றியுள்ள கிணறுகள் ஏற்கின்றன. அந்தச் செலவு எந்த ஒப்பந்தத்திலும் எழுதப்படுவதில்லை.

நீராகக் கணக்கிட்டால்

2017 கோடையில் சென்னையின் நீர்த்தேக்கங்கள் வற்றியபோது, குன்றத்தூர் பக்கத்துச் சிக்கராயபுரம் கல்குவாரிக் குட்டைகளிலிருந்து சென்னைக் குடிநீர் வாரியம் நீர் எடுத்தது. நீரின் தரத்தைச் சோதித்துப் பார்த்து, நாளொன்றுக்கு சுமார் 3 கோடி லிட்டரைச் செம்பரம்பாக்கம் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்பினார்கள். 2019 வறட்சியிலும் அதே குட்டைகள் கைகொடுத்தன. எருமையூர்க் குவாரிகளும் சேர்ந்துகொண்டன. பல பத்தாண்டுகள் ஆபத்தான பள்ளம் என்று மட்டுமே பேசப்பட்ட இடம் ஒரு மாநகரத்தின் நெருக்கடிக் கையிருப்பாக மாறியது.

இந்த நிகழ்வை எடைபோடும்போது இரண்டு மிகைகளைத் தவிர்க்க வேண்டும். மாநகரத்தின் அன்றாடத் தேவை 83 கோடி லிட்டர் அளவில் இருந்தபோது 3 கோடி என்பது அதில் முப்பதில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதல்; குவாரிகள் சென்னையைக் காப்பாற்றின என்று சொல்வது பொருந்தாது. சிக்கராயபுரம் பயன்பட்டதற்கு முதற்காரணம் பக்கத்திலேயே செம்பரம்பாக்கம் நிலையம் இருந்ததுதான். திருக்கழுக்குன்றத்துக் குழிக்கு அருகே அப்படிப்பட்ட நிலையம் இல்லை. இந்த நீர் சென்னைக்குப் போகும் என்று எதிர்பார்ப்பதைவிட உள்ளூரின் குடிநீருக்கும் பாசனத்துக்கும் ஆகும் என்று கணக்கிடுவதே சரி.

நமது மாதிரிக் குழி நிறைந்தால் 20 கோடி லிட்டர். 10,000 பேர் உள்ள ஊராட்சிகளுக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 100 லிட்டர் என்றால் 200 நாள் நீர். ஒரு கோடையைத் தாண்ட இது போதும். கடல்நீரைக் குடிநீராக்கும் மீஞ்சூர் நிலையத்தின் ஒப்பந்த விலை 1,000 லிட்டருக்கு 48.66 ரூபாய். அந்த விலையில் 20 கோடி லிட்டரின் மதிப்பு 97 லட்சம் ரூபாய். குட்டை நீரைச் சுத்திகரிக்கவும் செலவு உண்டு என்பதால் இதை நேர் லாபமாகக் கொள்ள முடியாது. மேல் வரம்பாகக் கொள்ளலாம். மின்சாரத்தில் வேறுபாடு இன்னும் பெரிது. 1,000 லிட்டரை 20 மீட்டர் மேலேற்ற, பம்பின் இழப்பையும் சேர்த்து, பத்தில் ஒரு யூனிட் மின்சாரம் போதும். கடல்நீரிலிருந்து அதே அளவு நன்னீர் பிரிக்க மூன்று நான்கு யூனிட் ஆகிறது. மாமல்லபுரம் சாலையில் நெம்மேலியில் 2013 முதல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தரும் நிலையம் இயங்குகிறது. 15 கோடி லிட்டர் தரும் இரண்டாம் நிலையம் 2024இல் திறக்கப்பட்டது. அதே கடற்கரைக்கு உட்புறத்தில் 1.6 டி.எம்.சி. கொள்ளளவில் ஒரு புதிய நீர்த்தேக்கம் 350 கோடி ரூபாயில் அமைக்கப்படும் என்று 2025-26 நிதிநிலை அறிக்கை அறிவித்தது. நீருக்காக அரசு செலவிடத் தயாராக உள்ள தொகைகள் இவை. இதே மாவட்டத்தில் ஏற்கெனவே தோண்டி முடித்த கொள்ளளவு அந்தக் கணக்கில் இடம்பெறவில்லை.

ஆழத்துக்கும் ஒரு தனி மதிப்பு உண்டு. இப்பகுதியில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து ஆண்டுக்கு ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் நீர் ஆவியாகிறது. இரண்டு மூன்று மீட்டர் ஆழமுள்ள ஏரிக்கு அது பாதிக்கு மேல் இழப்பு. 20 மீட்டர் குழிக்குப் பத்தில் ஒரு பங்குக்குள் அடங்கும். செங்கல்பட்டு மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்று அழைப்பது வழக்கம். அந்த ஏரிகளின் உபரிநீர் வடகிழக்குப் பருவமழையில் கடலுக்குப் போகிறது. மே மாதத்தில் ஏரிகள் வறண்டு கிடக்கின்றன. ஏரியின் கலங்கலிலிருந்து குழிக்கு ஒரு வாய்க்கால் வெட்டினால் இரண்டும் ஒன்றையொன்று நிறைவுசெய்யும்.

அந்த வாய்க்கால் இல்லாவிட்டால் குழி நிறையாது. ஒரு ஹெக்டேரின்மேல் ஆண்டுக்கு 1,200 மில்லிமீட்டர் மழை பெய்தாலும் நேரடியாக விழுவது 12,000 கனமீட்டர்தான்; கொள்ளளவில் 6 விழுக்காடு. அதையும் ஆவி கொண்டுபோய்விடும். ஊற்றும் பக்கத்து ஓட்டமும் கொண்டுவருவதுதான் மிச்சம். குழியை நீர்நிலையாக மீட்பது என்றால் வாய்க்கால், வண்டல் படியும் தொட்டி, சுற்று வேலி, இறங்கும் சரிவு, தளர்ந்த பாறையைத் தட்டி எடுப்பது, வெடிமருந்தின் நைட்ரேட் எஞ்சியிருக்கிறதா என்ற சோதனை ஆகியவை எல்லாம் அடங்கும். நிரப்பும் செலவோடு ஒப்பிட்டால் இவை சிறியவை. குழிக்குக் குழி மாறுபடுபவை. பாறைக் குழி நிலத்தடி நீரைப் பெருக்கும் என்று அடிக்கடி சொல்லப்படுவதையும் அப்படியே ஏற்க முடியாது. பிளவு இருக்கும் திசையில் மட்டுமே நீர் இறங்கும். மற்றபடி அது ஒரு கல்தொட்டி. குவாரி ஓடிய காலத்தில் குழியின் நீரை இறைத்து வெளியேற்றியதால் சுற்றுக் கிணறுகள் இறங்கியிருந்தால், இறைப்பது நின்றதும் அவை ஓரளவு மீளும். அந்த மீட்சியைக் குழி தந்த கொடையாக எழுதிவிடக் கூடாது.

கோலாலம்பூர், குருகிராம்

சந்தையால் மீட்பு நடந்ததற்கு மிகவும் மேற்கோள் காட்டப்படுவது கோலாலம்பூர்ப் புறநகர். ஈயச் சுரங்கங்கள் கைவிட்ட நிலத்தில், சுமார் 800 ஏக்கரில், சன்வே நகரம் எழுந்தது. தனியார் முதலீடே அதைச் செய்தது. அங்கே வெள்ளீயம் ஆற்று வண்டலில் இருந்தது. குழிகள் அகலமானவை, பாறை வெட்டின் ஆழம் இல்லாதவை. நிரப்ப மணலும் அங்கேயே கிடந்தது. முழுப் பரப்பும் ஒரே நிறுவனத்தின் கையில் இருந்ததால், ஒரு குழியை ஏரியாக விட்டால் அந்த ஏரியைப் பார்த்த மனைகளின் கூடுதல் விலையும் அதே நிறுவனத்துக்கே வந்தது. செங்கல்பட்டில் ஒவ்வொரு குத்தகையும் சில ஹெக்டேர். அடுத்தடுத்த குழிகளுக்கு வேறு வேறு கைகள். ஒருவர் செய்யும் செலவின் பலன் பக்கத்து மனைக்காரருக்குப் போகும் என்றால் அவர் ஏன் செய்வார்? அந்தப் புறநகர் அடங்கிய சிலாங்கூர் மாநிலம் பழைய சுரங்கக் குளங்களின் நீரை வறட்சிக் காலத்தில் ஆற்றில் சேர்த்துக் குடிநீராக்கும் திட்டத்தையும் செய்தது; அதைச் செய்தது அரசு. நம்முடைய நிலைமைக்குப் பொருந்தும் பாடம் அதுதான்.

குருகிராமின் ஆரவல்லிப் பல்லுயிர்ப் பூங்கா இன்னொரு வகை. கல்லும் மணலும் எடுத்து விட்டுப்போன சுமார் 380 ஏக்கரில் 2010 முதல் குடிமக்களும் மாநகராட்சியும் நிறுவனங்களும் சேர்ந்து அந்த மண்ணுக்குரிய மரங்களை வளர்த்தார்கள். 2022இல் அது வனப் பகுதிக்கு வெளியே உள்ள பல்லுயிர்ப் பாதுகாப்பிடமாக இந்தியாவிலேயே முதலாவதாக அறிவிக்கப்பட்டது. நிலம் பொதுவில் இருந்ததால் அது முடிந்தது. திருக்கழுக்குன்றம் வட்டாரத்திலும் கல்லாங்குத்து, பாறைப் புறம்போக்கு என்று வருவாய்ப் பதிவேட்டில் உள்ள குன்றுகளில் இது முடியும். பட்டா நிலத்துக் குழியில் முடியாது.

பணம் எங்கிருந்து

சுரங்கத்தை மூடும் திட்டமும் அதற்கான நிதி உறுதியும் இந்தியாவில் பெருங்கனிமங்களுக்கு 2003 முதல் உண்டு. 2017ஆம் ஆண்டு விதிகள் அந்த உறுதித் தொகையை, சுரங்கத்தின் வகையைப் பொறுத்து, ஹெக்டேருக்கு 3 லட்சம் அல்லது 2 லட்சம் ரூபாய் என்று உயர்த்தின. கருங்கல் சிறுகனிமம் என்பதால் அந்த விதிகளுக்கு வெளியே, மாநில விதிகளுக்குள் வருகிறது. சிறு குத்தகைகளுக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்ற நிலையே தீபக் குமார் வழக்கில் 2012 பிப்ரவரி 27 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகுதான் வந்தது. அதற்கு முன் தோண்டிய குழிகளில் பெரும்பாலானவற்றுக்கு மூடும் திட்டம் என்று ஒரு தாள்கூட இராது. சுரங்கம் முடிந்த இடத்தில் மீண்டும் புல் வளர்க்க வேண்டும் என்று 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மேய்ச்சல் நிலத்துக்கு அது அருமையான நிபந்தனை. நேர்ச்சுவர் கொண்ட பாறைக் குழியில் அதை நிறைவேற்ற இடமில்லை.

அப்படியானால் எவ்வளவு பிடித்தால் போதும்? மாதிரிக் குழியிலிருந்து வெளியேறிய கல், கனமீட்டருக்கு 2.7 டன் என்று கொண்டால், 5.4 லட்சம் டன். ராயல்டி வரியாகாது, கனிமம் உள்ள நிலத்துக்கு மாநிலங்கள் தனியே வரி போடலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2024 ஜூலை 25 அன்று பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது. அதையடுத்துத் தமிழ்நாடு இயற்றிய கனிம நில வரிச் சட்டம் 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. சாதாரணக் கருங்கல்லுக்கு டன்னுக்கு 90 ரூபாய் என்று அதன் அட்டவணை நிர்ணயித்தது. அந்த விகிதத்தில் ஒரு ஹெக்டேர் குழி தரும் வரி 4.86 கோடி ரூபாய். அதில் ஒன்பதில் ஒரு பங்கை, டன்னுக்கு 10 ரூபாயை, அதே குழியின் பெயரில் தனிக் கணக்கில் வைத்தால் 54 லட்சம் சேரும். வேலி, சரிவு, வாய்க்கால், தொட்டி எல்லாவற்றுக்கும் சேர்த்து அது பெருந்தொகை. முன்சொன்ன 2017ஆம் ஆண்டு நிதி உறுதியின் உயர்ந்த விகிதத்தோடு ஒப்பிட்டால் பதினெட்டு மடங்கு. குழி ஒருமுறை நிறைந்தால் கிடைக்கும் நீரின் மேல்வரம்பு மதிப்பில் பாதியைவிடச் சற்றுக் கூடுதல்.

ஆனால் இந்த வரி பொது வருவாயில் கலந்துவிடுகிறது. மாவட்டக் கனிம அறக்கட்டளை நிதியும், உரிமத் தொகையின்மேல் வசூலாகும் பசுமை நிதியும் தனியே இருக்கின்றன. அறக்கட்டளைப் பணத்துக்குப் பள்ளிக் கட்டடம், சாலை, மருத்துவம் என்று நியாயமான கோரிக்கைகள் பல உண்டு. குழிக்கு வாக்கு இல்லை என்பதால் அது வரிசையின் கடைசிக்குப் போகிறது. குழிவாரிக் கணக்கு இல்லாத எந்த நிதியும் மீட்பு நிதியாக வேலை செய்யாது என்பதே இதிலிருந்து பெறப்படுவது. குத்தகை ஏலத்தின்போதே குழியின் இறுதி வரைபடத்தை இணைத்துவிட்டால், படிகளை வெட்டும் செலவு ஏலத் தொகையிலேயே கழிந்துவிடும். அரசுக்குக் கொஞ்சம் குறைவாக வரும், ஆனால் பின்னால் செலவு வராது. கல் எடுத்து முடிந்தபின் ஹிட்டாச்சி இயந்திரத்தைத் திரும்பக் கொண்டுவந்து நேர்ச்சுவரில் படி வெட்டுவது பலமடங்குச் செலவு. அந்தக் கட்டத்தில் குத்தகைதாரரும் ஊரில் இருக்கமாட்டார்.

பட்டா நிலத்துக் குழிகளில் ஒரு கூடுதல் ஏற்பாடு வேண்டும். குவாரி அனுமதியோடு, மூடியபின் நீரைப் பயன்படுத்தும் உரிமையை ஊராட்சிக்கு ஆண்டு வாடகைக்குக் கொடுக்கும் ஒப்பந்தத்தையும் பதிவு செய்தால், உரிமையாளருக்கு ஒரு சிறு வருமானம் நிற்கும். குப்பை லாரிக்கு வழிவிடும் ஆசையும் குறையும். புறம்போக்குக் குழிகளில் மீன் வளர்ப்புக் கூண்டுகளை உள்ளூர் இருளர் கூட்டுறவுகளுக்கும் மகளிர் குழுக்களுக்கும் குத்தகைக்கு விடலாம். ஜார்க்கண்டின் கைவிட்ட நிலக்கரிக் குழிகளில் கூண்டு முறையில் மீன் வளர்க்கப்படுகிறது.

எஞ்சியிருப்பவை 2012க்கு முந்தைய, பொறுப்பாளர் இல்லாத குழிகள். அமெரிக்கா 1977ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம், திறந்தவெளியில் அன்று வெட்டிக்கொண்டிருந்த நிலக்கரியின் ஒவ்வொரு டன்னுக்கும் 35 சென்ட் கட்டணம் வாங்கி, பழைய நிறுவனங்கள் விட்டுப்போன குழிகளைச் சீர்செய்யும் நிதியை உருவாக்கியது. இன்றைய உற்பத்தி நேற்றைய குழிக்குப் பணம் தருவது நியாயமா என்ற வாதம் அங்கும் எழுந்தது. செங்கல்பட்டில் அதற்கு ஒரு விடை இருக்கிறது. பழைய குழிகளின் கல்லால் கட்டிய சாலைகளின் வழியாகத்தான் இன்றைய ஜல்லி போகிறது. டன்னுக்கு இன்னும் 2 ரூபாய் சேர்த்தால், ஒரு ஹெக்டேர் புதுக் குவாரி தன் வாழ்நாளில் 10.8 லட்சம் ரூபாயைப் பழைய குழிகளுக்குத் தரும். முதல் தவணையில் எல்லாவற்றுக்கும் வேலியும் எச்சரிக்கைப் பலகையும் போட அது உதவும். எந்தக் குழி எவ்வளவு ஆழம், யார் பெயரில், எந்த ஏரியின் கலங்கலுக்கு அருகில் என்ற பட்டியலைக் கனிமவளத் துறையும் நீர்வளத் துறையும் வட்டாட்சியர் அலுவலகமும் சேர்ந்து எடுப்பதற்கு இந்தத் தொகை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.